வண்டிப்பாதைக்கும் வாய்க்காலுக்கும் 20 வருஷக் கணக்கு

விதை, உரம் என்று பேசுகிறவன் நான். ஆனால் வயல் பார்க்கப் போகும்போது பலரும் என்னிடம் சொல்வது பாதைத் தகராறைத்தான். ஒரு விவசாயி சொன்னார்: "ஐயா, எங்க தாத்தா காலத்திலேருந்து அந்த வரப்போரமாத்தான் வண்டி போகுது. இப்ப நிலத்தை வாங்கினவர் முள்ளைப் போட்டு அடைச்சிட்டார். அறுத்த நெல்லைக் களத்துக்கு எப்படிக் கொண்டு வர்றது?"

இதற்குச் சட்டம் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம். ஈஸ்மெண்ட் சட்டம் என்று வக்கீல்கள் சொல்வார்கள். பிறத்தியார் நிலத்தின் வழியாக ஒளிவுமறைவில்லாமல், சண்டை சச்சரவில்லாமல், இடைவிடாமல், உரிமையோடு 20 வருஷம் வண்டி ஓட்டியோ தண்ணீர் கொண்டு போயோ வந்திருந்தால் அந்தப் பாத்தியம் உங்களுக்கு உண்டு. சர்க்கார் நிலமானால் 30 வருஷம். நிலம் அவருடையதுதான், போகிற உரிமை மட்டும் உங்களுடையது. நிலமே சொந்தமாகிறது என்கிற 12 வருஷ அனுபவம் வேறு சங்கதி, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

"உரிமையோடு" என்பதைக் கவனியுங்கள். "அண்ணே, இந்தப் போகம் மட்டும் உங்க வயல் வழியாத் தண்ணி கொண்டு போறேன்" என்று வருஷா வருஷம் கேட்டுப் பாய்ச்சினால் 40 வருஷமானாலும் பாத்தியம் வராது. அது அவர் தயவு. தயவாக வழி விடுகிறவர்களும் "அனுமதியின் பேரில்" என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளலாம். முள் வெட்டிப் போடுவதைவிட அது மேல். இன்னொன்று: ஒற்றையடிப் பாதையாக நடந்து வந்தவர் அதை வைத்து வண்டிப்பாதை கேட்க முடியாது.

களத்துக்கு வழி கேட்டவரிடம், "அடைச்சு எத்தனை நாளாச்சு?" என்றேன். "ஒண்ணரை வருஷமாச்சுங்க. ஊர்ப் பெரியவங்க பேசிட்டிருக்காங்க" என்றார். எனக்குத் திக்கென்றது. அந்த 20 வருஷ அனுபவம், தாவா போடுகிற நாளுக்கு முந்திய 2 வருஷத்துக்குள் முடிந்ததாக இருக்க வேண்டும். இன்னும் ஆறு மாதம் பேசிக்கொண்டே இருந்தால் தாத்தா காலத்து அனுபவம் கணக்கில் வராமலே போய்விடும். பெரியவர்கள் பேசட்டும், நாளையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

பழைய பத்திரங்களைத் தேடுங்கள். இரண்டு நிலமும் முன்பு ஒரே குடும்பச் சொத்தாக இருந்து, பாகப்பத்திரத்தில் "மாமூல் வண்டிப்பாதை பாத்தியம்" என்று எழுதியிருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் அக்கம்பக்கத்து வயதானவர்களின் சாட்சி வேண்டும். தாலுகா கோர்ட்டில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் செலவில்லாமல் வக்கீல் கிடைப்பார். பாதையை அடைத்த தேதியைக் குறித்துக்கொண்டு போங்கள்.