எல்க் கறி: கொழுப்பு குறைவு, பக்குவம் அதிகம்

எல்க், வட அமெரிக்காவின் பெரிய மான்களில் ஒன்று. நன்கு வளர்ந்த ஆண் மான் 300 கிலோவைத் தாண்டும். வேட்டையாடிய மானின் கறியை அமெரிக்காவில் பொதுவாகக் கடையில் விற்க முடியாது. அதனால் அங்கே கடைக்கும் உணவகத்துக்கும் வருவது பண்ணையில் வளர்ந்த எல்க்தான். கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காட்சுவான் மாகாணங்களிலும் இந்தப் பண்ணைகள் உண்டு.

இந்தக் கறியின் பெருமையே அதன் கொழுப்பின்மைதான். அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியல்படி, வாட்டிய 100 கிராம் எல்க் கறியில் புரதம் சுமார் 30 கிராம். கொழுப்பு 2 கிராமைக்கூட எட்டுவதில்லை. ஆற்றல் 146 கலோரி. இரும்புச்சத்து மூன்றரை மில்லிகிராமுக்குச் சற்று மேல். துத்தநாகமும் பி12 வைட்டமினும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் கொழுப்பு குறைவு என்றதும் கொலஸ்டிராலும் இருக்காது என்று எண்ணிவிட வேண்டாம். அது 73 மில்லிகிராம் வரை இருக்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடலாம்: அதே பட்டியலில் நம் வெள்ளாட்டுக் கறியும் ஏறக்குறைய இதே கணக்குதான், கொழுப்பு மட்டும் 3 கிராம். ஆகவே சத்துக்காக மட்டும் எல்க்கைத் தேடி அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

பண்ணையின் உண்மையான பலன் வேறு இடத்தில் இருக்கிறது. காட்டு மானின் வயதும் அது தின்ற தீனியும் வேட்டைக்காரருக்குத் தெரியாது. பண்ணையில் இரண்டும் தெரியும். இளம் மானாகப் பார்த்து அறுக்கலாம். இணைசேரும் பருவமான இலையுதிர் காலத்தில் ஆண் மான் சரியாக மேயாமல் இளைத்துப்போகும், கறியிலும் வாடை ஏறும். அந்த மாதங்களைப் பண்ணைக்காரர் தவிர்த்துவிடலாம். மிரளவிடாமல் அறுப்பது இதைவிட முக்கியம். மிரண்டு ஓடிய விலங்கின் தசையில் சேமித்திருந்த சர்க்கரை தீர்ந்துவிடும். அது இல்லாததால், அறுத்த பிறகு கறியில் போதிய அமிலம் உருவாகாது. கறி கறுத்து, சீக்கிரம் கெடும். மான் எளிதில் மிரளும் பிராணி என்பதால் நல்ல பண்ணைக்கும் சுமாரான பண்ணைக்கும் வித்தியாசம் இங்கேதான் தெரியும்.

பண்ணை என்றாலே பயமில்லை என்றும் சொல்ல முடியாது. பிரியான் எனும் பிறழ்ந்த புரதத்தால் வந்து, மான் இனங்களின் மூளையைச் சிதைக்கும் நோய் ஒன்று 1967-இல் கொலராடோவில் முதலில் தென்பட்டது. 1990-களில் எல்க் பண்ணைகளிலும் புகுந்தது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் கண்ட விலங்கின் கறியை உண்ண வேண்டாம் என்பதே அமெரிக்கச் சுகாதாரத் துறையின் அறிவுரை. சமைப்பதால் பிரியான் அழியாது. ஆகவே வாங்கும்போது, பரிசோதித்த மானா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சமையலில் கொழுப்பின்மை சிரமமாக மாறும். முதுகுக்கறியைச் சூடான கல்லில் கொஞ்ச நேரம் வாட்டினால் போதும். கூடுதலாக விட்டால் நார் நாராக வறண்டுவிடும். கொத்துக்கறியை மட்டும் உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வரை வேகவிட வேண்டும். கால்கறியும் கழுத்துக்கறியும் குழம்புக்கே ஏற்றவை. மூடி போட்டு, சிறு தீயில், இரண்டு மூன்று மணி நேரம்.