விளக்குப் போட்டால் குதிக்கும் பி.எச்.

சாயப்பட்டறைச் சுத்திகரிப்பு நிலையங்களில் பி.எச். மீட்டர் பழுது பார்ப்பது என் தொழில். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரை வெளியே விடாத ஆலைகளுக்குத்தான் பிழைப்பு என்று ஆனது. மீட்டர் காட்டும் எண்ணை நின்று கவனிக்கும் பழக்கம் பலருக்கும் அதன் பிறகுதான் வந்தது. இப்போது அதே வகை மீட்டர்கள், மண்ணில்லா விவசாயம் செய்யும் இளைஞர்களிடமிருந்து என் மேசைக்கு வருகின்றன. கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர்கள் அவர்கள். தண்ணீரில் விட்டு அளவெடுக்கும் ப்ரோப் நன்றாக இருக்கும்போதே அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி புதிது வாங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

அவர்களின் பண்ணை என்பது ஓர் அடைத்த அறை. இரும்பு ரேக்கில் நாலைந்து அடுக்கு. ஒவ்வோர் அடுக்கிலும் பி.வி.சி. சேனலில் லெட்யூஸ், பேசில், பாக் சோய். தலைக்கு மேலே எல்.இ.டி. க்ரோ லைட். கீழே தொட்டி, அதிலிருந்து மோட்டார் சத்துநீரை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். மண்ணில் பயிர் செய்தால் உரம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் மண் தாங்கிக்கொள்ளும். இங்கே தாங்க ஆளில்லை. நீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். 5.5க்கும் 6.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். நீரில் கரைந்த உப்பின் அளவைச் சொல்லும் இ.சி., லெட்யூஸுக்கு ஏறக்குறைய 1 முதல் 2 வரை (மில்லிசீமன்ஸ்/செ.மீ.) இருக்க வேண்டும். இந்த இரண்டு எண்களை நம்பித்தான் மொத்தப் பயிரும் இருக்கிறது.

புகார் பெரும்பாலும் ஒரே மாதிரி வரும். "ப்ரோபு போயிருச்சுங்கண்ணா. லைட்டு போடறதுக்கு முன்னாடி 6.0 காட்டுது, போட்டதும் 6.8ங்குது. வெளிய எடுத்துப் பஃபர்ல வெச்சா கரெக்டா 7 காட்டுது." கடைசி வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. பஃபர் என்பது பி.எச். முன்பே தெரிந்த திரவம். அதில் சரியாகக் காட்டும் ப்ரோபை ஏன் சந்தேகப்பட வேண்டும்?

விளக்கு எரியும்போது பி.எச். உண்மையாகவே ஏறவும் கூடும். வெளிச்சம் கிடைத்ததும் செடி நைட்ரேட்டை வேகமாக உறிஞ்சும். அதற்கு ஈடாக வேர் காரத்தன்மையை நீரில் விடும். ஆனால் அது மணிக்கணக்கில் நடக்கிற காரியம். சுவிட்சைப் போட்ட நொடியில் எண் குதித்து, அணைத்த நொடியில் பழைய இடத்துக்கே திரும்பினால், அதில் செடிக்குப் பங்கில்லை. இன்னும் உறுதி வேண்டுமா? விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே தொட்டித் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் மொண்டு, ரேக்கை விட்டுத் தள்ளி வைத்து, அதே ப்ரோபை அதில் விடுங்கள். தொட்டியில் 6.8, டம்ளரில் 6.0 என்று வந்தால், நீங்கள் தேட வேண்டியது மின்சாரக் கசிவை.

இது பி.எச். மீட்டரோடு கூடப் பிறந்த சிக்கல். ப்ரோபின் நுனியில் இருக்கும் மெல்லிய கண்ணாடிக் குமிழ்தான் அளவெடுக்கிறது. 25 டிகிரி செல்சியஸில் ஒரு பி.எச். வித்தியாசத்துக்கு அது தருவது சுமார் 59 மில்லிவோல்ட். அது கண்ணாடியைக் கடந்து வெளியே வர வேண்டும். அந்தக் கண்ணாடியின் மின்தடையோ 10 கோடி ஓம் அளவில் இருக்கும். கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்கத் திணறிய நண்பர் ஒருவருக்காக 1934இல் ஆர்னால்டு பெக்மன் ஒரு கருவி செய்தார். நண்பர் அதுவரை கண்ணாடி எலக்ட்ரோடைக் கால்வனோமீட்டரில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வரும் மின்னோட்டம் முள்ளை அசைக்கவே போதவில்லை. பெக்மன் நடுவில் வெற்றிடக் குழாய்ப் பெருக்கியை வைத்தார். இன்று நம் கையில் இருக்கும் மீட்டர்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். இவ்வளவு மெலிந்த சமிக்ஞையைப் பெருக்கும் கருவி, வழியில் ஒட்டிக்கொள்ளும் வேண்டாத மின்சாரத்தையும் சேர்த்துத்தான் பெருக்கும்.

எவ்வளவு வேண்டாத மின்சாரம் போதும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நானோஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூறு கோடியில் ஒரு பங்கு, அந்தக் கண்ணாடி வழியே பாய்ந்தால் 100 மில்லிவோல்ட் பிழை. பி.எச். கணக்கில் 1.7. ஆக, 6.0 என்பது 6.8 ஆகக் குதிக்க அதில் பாதியே போதும். இ.சி. ப்ரோபின் நிலைமை வேறு. 1.5 காட்டும் தண்ணீரில், சாதாரண ப்ரோபின் இரண்டு முனைகளுக்கு இடையே தடை 700 ஓமுக்கும் குறைவு. அதனால் அது எளிதில் ஏமாறாது. விளக்குப் போட்டதும் இ.சி.யும் சேர்ந்து குதிக்கிறது என்றால் கசிவு பெரிது, அதுவும் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

விளக்கிலிருந்து தண்ணீருக்கு மின்சாரம் எப்படி வருகிறது? எல்.இ.டி.க்குப் பின்னால் டிரைவர் என்றொரு பெட்டி இருக்கிறது. 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி. ஆக மாற்ற, அது மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுக்கும். அந்த வெட்டலில் எழும் இரைச்சல் வயரில் ஏறி ஊர் சுற்றாமலிருக்க, உள்ளே சின்னக் கெப்பாசிட்டர்கள் வைத்து அதை விளக்கின் உலோக உடம்புக்குத் திருப்பிவிடுவார்கள். உடம்பிலிருந்து அது எர்த்துக்குப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. எர்த் இல்லாவிட்டால்? அந்த உடம்பில் மெயின் மின்னழுத்தத்தில் பாதி, சுமார் 115 வோல்ட் வந்து நிற்கும். டெஸ்டர் வைத்தால் எரியும். கை பட்டால் சுருக்கென்று தெரியும்.

ஒரு விளக்கில் கசிவது மில்லியாம்பியரில் ஒரு சிறு பங்குதான். ஒரே ரேக்கில் 20 விளக்குகள் தொங்கினால் எல்லாம் கூடிச் சில மில்லியாம்பியர் ஆகிவிடும். ஒரு மில்லியாம்பியர் என்பது பத்து லட்சம் நானோஆம்பியர். ரேக் எப்போதும் ஈரமாக இருக்கிறது. சத்துநீரோ உப்புக் கரைசல், மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். ரேக்கிலிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து ப்ரோப், ப்ரோபிலிருந்து மீட்டர், மீட்டரின் அடாப்டர் வழியே மறுபடி சுவர் என்று அதற்கு ஒரு பாதை கிடைத்துவிடுகிறது. இதில் மிக அற்பமான துளி தப்பினாலும் பி.எச். குலைந்துபோகும். மீட்டர் தான் உணர்ந்ததைத்தான் சொல்கிறது. நாம்தான் அதைப் பி.எச். என்று படிக்கிறோம்.

அதனால் நான் போகிற இடத்தில் முதலில் ப்ரோபைத் தொடுவதில்லை, எர்த்தைப் பார்ப்பேன். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை ஒடித்து இரண்டு துளையில் செருகியிருப்பார்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குள் பச்சை வயரே இருக்காது. எல்லாம் சரியாக இருந்தாலும் வீட்டுக்குப் பின்னால் எர்த் குழி காய்ந்து கிடக்கும். கரியும் உப்பும் போட்டுப் புதைத்ததோடு மறந்துவிடுகிறோம். சித்திரை வெயிலில் அது வறண்டு போகும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றிய உடனே எண் அடங்கியதை நானே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு விளக்கின் உடம்பும் ரேக்கும் எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். இதைச் செய்யாமல் வேறு எந்தச் சாமான் வாங்கினாலும் காசுக்குக் கேடு.

அடுத்தது வயர். ப்ரோப் கேபிளை விளக்கு வயரோடு ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். குறுக்கே போக வேண்டுமானால் நேர் குறுக்காகப் போகட்டும். கேபிளை ஒட்டுப் போட்டு நீட்டவே கூடாது. மீட்டர் தூரத்தில் இருக்கிறதென்றால் ப்ரோபுக்குப் பக்கத்திலேயே சின்னப் பெருக்கி வைக்கிற வகை கிடைக்கிறது. கேபிள் முனையில் உப்பும் ஈரமும் பிடித்தால் அதுவே ஒரு கசிவு. டிரைவர் வயரில் ஃபெரைட் வளையம் மாட்டினால் இரைச்சல் ஓரளவு குறையும். இந்த இரைச்சல் தொட்டியோடு நிற்பதுமில்லை. அமெரிக்காவில் பழைய வகை க்ரோ லைட்டுகளின் எலக்ட்ரானிக் பாலாஸ்ட் ஒன்று ரேடியோ அலைவரிசைகளைக் கெடுக்கிறதென்று, அமெச்சூர் ரேடியோக்காரர்களின் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். 2014இல் அரசு ஆணையத்திடம் புகாரே கொடுத்தது.

இரண்டு ப்ரோபும் ஒரே கன்ட்ரோலரில் இருந்தால் இன்னொரு சோதனை செய்யுங்கள். இ.சி. ப்ரோபைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுங்கள். உடனே பி.எச். நகர்ந்தால், இரண்டு சர்க்யூட்டும் உள்ளே ஒட்டியிருக்கின்றன. இ.சி. ப்ரோப் அளவெடுப்பதற்காகத் தானே தண்ணீருக்குள் மின்சாரம் செலுத்தும், அது பி.எச். ப்ரோபில் போய் விழுகிறது. வாங்கும்போதே இரண்டும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள். தொட்டிக்குள் ஒரு ஸ்டீல் கம்பியைப் போட்டு எர்த் செய்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்வோரும் உண்டு. பிரிப்பு இல்லாத மீட்டரில் அந்தக் கம்பியே மின்சாரத்துக்குப் புதிய பாதையாகிப் பிழையைக் கூட்டிவிடலாம். கசிவு எங்கே என்று கண்டுபிடித்து அடைக்காமல் கம்பி போடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

எண்ணைப் பார்த்து மனிதன் முடிவெடுக்கும் வரை பெரிய சேதம் வராது. இப்போது டோசிங் பம்ப் மாட்டிவிடுகிறார்கள். மீட்டர் 6.8 என்றால் பம்ப் தானாகவே அமிலத்தை ஊற்றும். விளக்கு 16 மணி நேரம் எரிகிறது. பொய் எண்ணும் 16 மணி நேரம் நிற்கிறது. ஓரிடத்தில் வேரெல்லாம் பழுப்பாகி, அறுவடைக்கு இருந்த லெட்யூஸ் முழுக்கச் சாய்ந்து கிடந்தது. விதை சரியில்லை என்று விதைக்காரரோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. அந்தத் தொட்டித் தண்ணீரை டம்ளரில் எடுத்து அளந்தால் 4க்கும் கீழே. பம்ப் வைத்திருப்பவர்கள், ஒரு நாளைக்கு இவ்வளவு அமிலத்துக்கு மேல் போகக் கூடாதென்று உச்ச வரம்பைக் கட்டாயம் போட்டு வையுங்கள்.

கடைசியாக ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பெட்டி. விளக்கைப் போட்டால் அடிக்கடி விழுகிறதென்று அதைக் கழற்றி நேரடியாக இணைப்பு கொடுத்துவிட்டார்கள் சில இடங்களில். வேண்டாம். நாள் முழுக்க ஈரக் கையோடு தொட்டியில் வேலை செய்கிற பெண்கள் இருக்கிறார்கள். 30 மில்லியாம்பியரில் இணைப்பைத் துண்டிக்கும் அந்தப் பெட்டி அவர்கள் உயிருக்காக இருக்கிறது. கழற்றியிருந்தால் இன்றைக்கே ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். விளக்குகளை இரண்டு மூன்று ஆர்.சி.சி.பி.க்குப் பிரித்துக் கொடுத்தால் காரணமில்லாமல் விழுவதும் நிற்கும்.