எல்லா மாலைக்கண்ணும் சத்துக் குறைவு அல்ல



விளக்கு வைத்த நேரத்தில் உங்கள் பிள்ளை வாசற்படியில் இடறுகிறானா? பக்கத்தில் இருக்கும் சொம்பைத் தட்டி விடுகிறானா? "கவனம் எங்கடா இருக்கு?" என்று திட்டாதீர்கள். முதலில் கண்ணைக் காட்டுங்கள்.

மாலைக்கண் என்றால் முருங்கைக்கீரை, பப்பாளி கொடுக்கச் சொல்கிறோம். வைட்டமின் ஏ குறைவால் வந்த மாலைக்கண், அந்த மருந்து கொடுத்த சில நாட்களில் தெளியும். கொடுத்தும் தெளியாமல் வருஷா வருஷம் கூடினால், அது பரம்பரை விழித்திரை நோயாக இருக்கலாம். டாக்டர்கள் இதை 'ரெடினைட்டிஸ் பிக்மென்டோசா' என்பார்கள். உலகில் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது.

கண்ணுக்குள் நடப்பது என்ன?

விழித்திரையில் சுமார் 12 கோடி கோல் செல்கள் உள்ளன. மங்கிய வெளிச்சத்திலும் பக்கவாட்டிலும் பார்க்க இவை உதவுகின்றன. நிறமும் நுணுக்கமும் காட்டுபவை கூம்பு செல்கள். இந்நோயில் பெரும்பாலும் முதலில் அழிவது கோல் செல்கள். ஆகவே முதலில் இருட்டில் தடுமாற்றம். பிறகு பார்வை ஓரத்திலிருந்து சுருங்கி, குழாய் வழியே பார்ப்பது போலாகும். பிள்ளை புத்தகம் படிப்பான். பக்கத்தில் வரும் சைக்கிள் தெரியாது. 'நடிக்கிறான்' என்பார்கள். அது நடிப்பல்ல. நடுப் பார்வை பலருக்கு 40, 50 வயது வரைகூட நிற்கும். பிறகு அதுவும் மங்கலாம்.

எப்படி வருகிறது?

இது பல வழிகளில் வரும். ஒரு வழி: தாய், தந்தை இருவர் பார்வையும் நன்றாக இருக்கும், ஆனால் இருவரிடமும் ஒரே மரபணுவின் பழுதான பிரதி ஒன்று மறைந்திருக்கும். அப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. "ஒண்ணுக்கு வந்துடுச்சு, இனி மூணுக்கு வராது" என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு பிரசவத்துக்கும் அதே கணக்குதான். மருமகளை மட்டும் பழிப்பதும் தவறு.

தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் முடித்தால், ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடும். சொத்து வெளியே போகக் கூடாது என்கிறோம். பழுதும் வெளியே போவதில்லை.

செய்ய வேண்டியவை

1. விழித்திரைப் பரிசோதனை செய்யுங்கள், உடன்பிறந்தவர்களையும் காட்டுங்கள்.

2. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால், கல்யாணம் நிச்சயிக்குமுன் மரபணு ஆலோசனை கேளுங்கள். மறைக்காதீர்கள்.

3. பெரும்பாலான வகைகளுக்கு இன்னும் குணமாக்கும் மருந்து இல்லை. 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணுச் சிகிச்சை, ஆர்.பி.இ.65 என்ற ஒரே மரபணுவின் பழுதுக்கு மட்டுமே. "பூரண குணம்" என்பவர்களிடம் பணத்தை இழக்காதீர்கள். வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களாக அதிகம் கொடுக்காதீர்கள்.

4. கூடவே வரும் கண்புரைக்குச் சிகிச்சை உண்டு. வருஷம் ஒருமுறை காட்டுங்கள்.

5. இரவில் வண்டி ஓட்ட விடாதீர்கள்.

6. எழுத்து படிக்க முடிந்தாலும், பார்வைப் பரப்பு 40 பாகைக்குள் சுருங்கியிருந்தால் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பார்வைக் குறைபாடே. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

பார்வை ஒரே நாளில் போய்விடுவதில்லை. பல வருஷ அவகாசம் தருகிறது. அதற்குள் பிள்ளையைப் படிக்க வையுங்கள், கைத்தொழில் கற்றுக்கொடுங்கள். விஷயத்தை அவனிடமே பக்குவமாகச் சொல்லுங்கள்.