உரையும் ஓர் அளவை

சாட்டியில் எம் அயல்வீட்டுக் குழந்தை கச்சான் கொறிக்கையில் புரையேறி இருமிற்று. 'யாரோ நினைக்கிறார்கள்' என்று யானும் நகைத்தேன். இருமல் தணிந்தது, சின்னாளிற் காய்ச்சலும் இழுப்பும் கண்டன.

அறியும் வாயில் காட்சி, கருதல், உரை என மூன்று என்பர் அளவை நூலோர். 1895இல் றொன்ட்கன் கண்ட எக்ஸ் கதிர், மூச்சுக்குழலிற் சிக்கிய ஊசியைப் படத்திலே காட்டிவிடும், அது காட்சி. கச்சான் பருப்போ கதிரை மறிப்பதில்லை. ஆயினும், மூச்சை வெளிவிடுகையில் எடுத்த படத்தில், அடைப்புற்ற பக்கத்து நுரையீரல் காற்று நீங்காது உப்பி நிற்கக்கூடும். புகை கண்டு நெருப்பை உணர்வதுபோல, அது கருதல்.

சிலவேளை படம் குற்றமற்றதாகவே தோன்றும். அக்குழந்தையின் படமும் அவ்வாறே இருந்தது. எஞ்சியது உரை. கச்சான் தின்றபோது புரையேறிற்று என்று தாய் சொன்ன ஒரு சொல்லை நம்பியே, மருத்துவர் மூச்சுக்குழலுள் நோக்குங் கருவியைச் செலுத்திப் பருப்பை எடுத்தார். 1897இல் செருமானியரான கில்லியன் தொடக்கிவைத்த முறை அது.

அன்பர்காள், ஐந்தாண்டு நிரம்பாத குழந்தைகளுக்கு முழுக் கச்சான் கொடாதீர். புரையேறியதை, இருமல் ஓய்ந்தாலும், படம் தெளிவாயினும், மருத்துவரிடம் மறவாது சொல்லுங்கள். நகைத்த என் வாய் அன்று கற்ற பாடம் இது.