கார்த்திகையில் பிறக்கும் இளவேனில்

வைகைக்கரைப் பருவங்கள் – 9

மதுரைக்கு இளவேனில் கிடையாது, பனி விலகினால் நேரே கோடைதான் என்று பலர் சொல்வதுண்டு. வெயிலை மட்டும் அளந்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் சிம்மக்கல் தெருக்களில் பூ வாங்குகிறவர்களுக்குப் பருவ மாற்றம் விலையிலேயே தெரியும். மார்கழி, தை மாதங்களில் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும் மல்லிகை, பங்குனியில் முகூர்த்த நாள் தவிர மற்ற நாட்களில் சில நூறு ரூபாய்க்கு இறங்கிவிடும். திருப்பரங்குன்றம், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்துச் சிறு தோட்டங்களில் செடிகள் ஒருசேர அரும்பெடுப்பதே காரணம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, இந்த மண்ணுக்கும் இளவேனில் உண்டு என்பதற்குக் கண்கூடான சான்று.

அந்த இளவேனில் தானாக வருவதில்லை என்பதே இந்த வாரம் நான் வலியுறுத்த விரும்புவது. குண்டுமல்லி புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். அதனால் நவம்பர் கடைசி வாரத்தில், அதாவது கார்த்திகை நடுவில், செடியைத் தரையிலிருந்து சுமார் ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்து, காய்ந்த குச்சிகளைக் கழித்து, தொழுவுரம் இடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் நிலத்தில் இருக்கும்போதே வேர் வேலையைத் தொடங்குகிறது. பனிக்காலத்தில் மெல்ல வளரும் தளிர், மார்ச் மாத வெப்பம் பட்டதும் மொட்டாகிறது. பங்குனியில் நாம் காணும் வெள்ளை, கார்த்திகையில் விவசாயி போட்ட முதலீடு.

வெட்டாமல் விட்டாலும் செடி பூக்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். பூக்கும். ஆனால் முதிர்ந்த கிளைகள் அடர்ந்து, தளிர் குறைந்து, மகசூல் சரியும். மொட்டுப்புழுவைக் கண்டுபிடிப்பதும் கடினமாகும். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. எல்லாரும் ஒரே வாரத்தில் கவாத்து செய்வதால்தான் பூ ஒரே நேரத்தில் குவிந்து விலை விழுகிறது. செழித்த தோட்டமே விவசாயியின் நஷ்டம் என்பது அந்த வாதம். உண்மை. விலை விழுந்த நாளில் பறிகூலிகூடத் தேறாமல் போவதுண்டு. ஆனால் அது கவாத்தைக் கைவிடுவதற்கான காரணம் ஆகாது. அதைப் பிரித்துச் செய்வதற்கான காரணமே. அரை ஏக்கர் தோட்டத்தையும் பாத்தி பாத்தியாக, சில வார இடைவெளியில் வெட்டினால் பூப்பும் பறிப்பும் பரவும். வீட்டு ஆட்களே விடியுமுன் பறித்துவிட முடிகிற அளவுக்கு வேலை அடங்கும். மீதிப் பூவை வாசனைத் திரவிய ஆலைகளுக்கு முன்கூட்டியே பேசி வைக்கவும் அவகாசம் கிடைக்கும்.

அப்படிப் பிரித்து வெட்டுகிறவர், முதலில் வெட்டிய பாத்தியில் சில மாதங்கள் வருமானம் இல்லாமல் காத்திருக்க வேண்டும். அதுவும் பூ விலை உச்சத்தில் இருக்கும் பனிக்காலத்தில். கையில் பணம் இல்லாத சிறு விவசாயியால் அது முடியாது; கிடைக்கிற நாலு பூவுக்காகக் கவாத்தைத் தள்ளிப் போடுவார், பங்குனியில் இழப்பார். எனவே கூட்டுறவுச் சங்கக் கடனும், தோட்டக்கலைத் துறையின் உதவியும், சொட்டுநீர் மானியமும் பூ குவிந்த பிறகு வந்து பயனில்லை. அவை ஐப்பசி முடிவதற்குள் விவசாயி கைக்கு வந்து சேர வேண்டும்.

(தொடரும்)