உத்தியோகம் – 17: பேரேட்டில் ஒரு பெயர்

ஃபோர்ட் கொச்சியில் வெளி என்கிற பகுதியில் ஒரு டோபிகானா இருக்கிறது. மட்டாஞ்சேரியிலிருந்து நடந்தே போய்விடலாம். அங்கே துணி உலர்த்தக் கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிட்டால் போதும், கடற்காற்று எவ்வளவு வீசினாலும் விரிப்பு நகராது. வெளுப்பவர்கள் பேசுவது தமிழ். டச்சுக்காரர்கள் காலத்தில் பட்டாளத்தின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட வண்ணார்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று சொல்கிறார்கள். இப்போது ஓட்டல் விரிப்புகளும் ஆஸ்பத்திரித் துணிகளும் வருகின்றன.

அங்கே ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர், தேங்காய்ச் சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “பையனுக்குக் காக்கநாட்டுல வேலை கெடைச்சிருக்கு தம்பி. பெரிய கம்பெனி. கட்டடத்த அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும்.” கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: “பெரிய கம்பெனின்னா நல்லதுதானே?”

இந்தத் தொடர் தொடங்கிய நாளிலிருந்து வாசகர் கடிதங்களில் வரும் கேள்வியும் இதுதான். அதற்கு மட்டாஞ்சேரியிலேயே பதில் தேடலாம் என்று தோன்றியது. இந்தியாவில் பெரிய கம்பெனியோடு இவ்வளவு நீண்ட காலம் பழகிய ஊர்கள் அதிகம் இல்லை.

நம் பாட்டனார்கள் ‘கும்பினி’ என்பார்கள். இங்கிலீஷ்காரனின் கும்பினி நமக்குத் தெரியும். மட்டாஞ்சேரிக்கு முதலில் வந்தது டச்சுக் கும்பினி. 1602-ல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1663 ஜனவரியில் கொச்சிக் கோட்டையைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தது. 1795-ல் ஆங்கிலேயர் வரும்வரை, 132 ஆண்டுகள், இங்கே மிளகின் விலையை மட்டுமல்லாமல் மனிதர்களின் விலையையும் எழுதி வைத்தது.

எழுதி வைத்தது என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கப்பலேறிய ஒவ்வொருவனுக்கும் பேரேட்டில் இரண்டு பக்கம் ஒதுக்கினார்கள். இடப்பக்கம் அவன் பட்ட கடன், வலப்பக்கம் அவனுக்குச் சேரவேண்டியது. சாதாரணச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 9 கில்டர். கப்பல் கிளம்பும் முன்பே முன்பணமும் துணிமணி வைக்கும் பெட்டியும் கொடுத்து இடப்பக்கத்தை நிரப்பிவிடுவார்கள். அந்தக் கடன் கழியவே பல மாதங்கள் ஆகும். வீட்டில் இருக்கும் மனைவியோ தாயோ ஆண்டுக்கு ஒரு பகுதிச் சம்பளத்தை வாங்கிக்கொள்ளச் சீட்டும் உண்டு. அவன் வழியில் செத்துப்போனால் அவனுடைய சட்டை, போர்வை, பெட்டி எல்லாவற்றையும் கப்பலிலேயே ஏலம் விட்டு, அந்தத் தொகையை வலப்பக்கத்தில் எழுதிக் கணக்கை முடிப்பார்கள். இந்தப் பேரேடுகள் இன்றும் ஹேக் நகரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. லட்சக்கணக்கான மனிதர்கள், ஆளுக்கு இரண்டு பக்கம்.

இரண்டு நூற்றாண்டுகளில் அந்தக் கும்பினியின் கப்பல்களில் ஆசியாவுக்குப் புறப்பட்டவர்கள் ஏறக்குறைய 10 லட்சம் பேர். திரும்பிப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். ஆனாலும் ஆள் கிடைத்துக்கொண்டே இருந்தது. ஊரில் ஒரு கைப்பிடி நிலம் இல்லாதவனுக்கும் இங்கே ஒரு கணக்கு இருந்தது. அவன் மனைவி அலுவலகத்துக்குப் போய்க் கணக்கைக் காட்டு என்று கேட்க முடிந்தது. அரைக்காசு உத்தியோகமானாலும் அரண்மனை உத்தியோகம் என்று நம் வீடுகளில் சொல்வதற்கும் பின்னால் இருப்பது இதே ஆறுதல்தான்.

வெளி டோபிகானாவில் துணி வெளுத்த வண்ணாரின் பெயர் அந்தப் பேரேட்டில் இருக்காது. அது கப்பலில் வந்தவர்களின் கணக்கு.

பெரிய கம்பெனியில் ஒருவன் என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதற்கு நல்ல சாட்சி ஹென்ட்ரிக் வான் ரீட். 1670-களில் மலபாரில் கும்பினியின் தலைவராக இருந்தவர். சேர்த்தலைப் பக்கத்து வைத்தியர் இட்டி அச்சுதனையும் கொங்கணி பிராமணப் பண்டிதர்கள் மூவரையும் உட்காரவைத்து, மலபார்ச் செடிகளின் பெயரையும் குணத்தையும் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். படம் வரைய ஓவியர்கள், செடி கொண்டுவர ஆட்கள், லத்தீனில் எழுதப் பாதிரியார். ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ 12 தொகுதிகளாக, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. 742 செடிகள். தனி மனிதன் எவ்வளவு ஆசைப்பட்டாலும் இதைச் செய்திருக்க முடியாது. அவர் கையில் ஒரு கும்பினி இருந்தது, அதன் ஆட்களும் கப்பல்களும் காகிதமும் இருந்தன. பெரிய நிறுவனத்தின் உண்மையான வரம் என்று எனக்குத் தோன்றுவது இதுதான். சம்பளத்தைவிட, உன்னால் தனியே தூக்க முடியாத ஒன்றைத் தூக்க நூறு கை கிடைப்பது.

அதே கும்பினியின் இன்னொரு ஆள் டிலனாய். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்டவர். திருவிதாங்கூர் அவரைத் தன் படையில் சேர்த்துக்கொண்டது. பீரங்கியும் பயிற்சியும் அவர் பொறுப்பாயின, ‘வலிய கப்பித்தான்’ ஆனார், 1777-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். தக்கலைக்கு அருகில் உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இருக்கிறது. கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும். கும்பினியின் பேரேட்டில் ஆயிரக்கணக்கான வரிகளில் ஒன்றாக இருந்தவர், சின்ன ராஜ்ஜியத்தில் ஒரு படைக்கே முகமாகிவிட்டார். சின்ன இடத்தில் மனிதனின் அளவு தெரியும். குமரி மாவட்டத்துக்குப் போகிறவர்கள் அந்தக் கல்லறை முன்னால் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

இனி மட்டாஞ்சேரியின் கரைக்கு வருவோம். பஜார் ரோட்டுக் கிடங்குகளுக்கு முகம் தெருவைப் பார்த்தும் முதுகு தண்ணீரைப் பார்த்தும் இருக்கும். படகில் வரும் மூட்டை பின்வாசலில் ஏறி முன்வாசலில் இறங்கும். துறைமுகத்தைக் கட்டிய பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ தூர்வாரி வழி திறந்து, 1928 மே 26-ல் ‘பத்மா’ என்ற கப்பலை உள்துறைமுகத்துக்குள் கொண்டுவந்தார். தோண்டிய மண்ணில் வில்லிங்டன் தீவையும் உருவாக்கினார். அதன்பின் சரக்கு பெருகியது, கூலிக்கு நிற்கிறவர்களும் பெருகினார்கள்.

அவர்களை வேலைக்கு எடுத்த விதத்துக்குப் பெயர் சாப்பா. சாப்பா என்பது உலோகத்தில் செய்த ஒரு வில்லை. அது கையில் இருந்தால் அன்றைக்கு வேலை உண்டு. விடிவதற்குள் கூட்டம் சேர்ந்துவிடும். ஆளெடுக்கும் மூப்பன், நம் தேயிலைத் தோட்டத்துக் கங்காணியைப் போன்றவன், வில்லைகளைக் கை நிறைய அள்ளிக் கூட்டத்துக்குள் வீசுவான். கீழே விழுந்ததைப் பொறுக்க மனிதர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். நேற்று ஒரே மூட்டையை ஆளுக்கு ஒரு முனை பிடித்துத் தூக்கியவர்கள் இன்று ஒருவன் விரலை இன்னொருவன் மிதிப்பார்கள். வில்லை கிடைத்தவன் உள்ளே போவான், கிடைக்காதவன் சட்டையில் மண்ணோடு வீட்டுக்குப் போவான். நாளை மறுபடியும் அதே இடம். அவன் பெயரை யாரும் எங்கும் எழுதவில்லை. அவன் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவரும் இல்லை.

இந்த முறைக்கு எதிராகத் தொழிலாளர்கள் எழுந்தார்கள். 1953 செப்டம்பர் 15-ல் மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. செய்து, செய்தலவி, ஆன்டனி என்ற மூன்று தொழிலாளர்கள் அந்தப் போராட்டத்தில் உயிரிழந்தார்கள். மட்டாஞ்சேரியின் பெயரைச் சொல்லும் முழக்கம் ஒன்று இன்றும் கேரளத் தொழிலாளர் ஊர்வலங்களில் கேட்கும். கே. எம். சிதம்பரன் அந்தப் போராட்டத்தை நாடகமாக எழுதினார். அதை வைத்து ராஜீவ் ரவி எடுத்த ‘துறமுகம்’ படம் 2023-ல் வந்தது. பார்க்காதவர்கள் பாருங்கள்.

அந்தத் தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்துக் கேட்டது என்ன? பேரேட்டில் ஒரு வரி. நாளைக்கும் நான் இந்த வேலைக்காரன்தான் என்று எழுதப்பட்ட ஒரு காகிதம். பெரிய கம்பெனி மனிதனை வெறும் நம்பர் ஆக்கிவிடுகிறது என்று நாம் வருத்தப்படுகிறோம், நானும் வருத்தப்பட்டிருக்கிறேன். நம்பர்கூட இல்லாமல் தரையில் வில்லை பொறுக்கியவர்களின் ஊரில் நின்று அந்த வருத்தத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெரிய கம்பெனியின் நன்மை என்று நாம் எண்ணுபவற்றில் பெரும்பகுதி கம்பெனி தந்தது அல்ல. வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) 1952 சட்டத்தில் வந்தது, பணிக்கொடை 1972 சட்டத்தில் வந்தது. இரண்டுக்கும் பின்னால் தொழிற்சங்கங்களின் பல்லாண்டுக் குரல் இருக்கிறது. இதில் அளவு எங்கே நுழைகிறது என்றால், பி.எஃப். சட்டம் பொதுவாக 20 பேராவது வேலை செய்யும் இடத்துக்கு. பணிக்கொடைக்கு 10 பேராவது இருக்க வேண்டும். ஆறு பேரை வைத்துச் சுக்கு தரம் பிரிக்கும் கிடங்கு, முதலாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இந்தக் கணக்குக்கு வெளியே நின்றுவிடுகிறது. அங்கே வேலை செய்கிறவருக்கு முதலாளியின் மனம்தான் சட்டம். மகள் கல்யாணத்துக்கு அவர் கேட்காமலேயே கொடுக்கவும் கூடும், கேட்டும் கொடுக்காமல் போகவும் கூடும்.

அதனால் சின்ன இடத்தில் வேலை செய்கிறவனுக்குப் பாதுகாப்பே கிடையாது என்று முடிவுகட்டிவிட முடியாது. பஜார் ரோட்டில் மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளர்களைப் பாருங்கள். கேரளத்தின் சுமைத் தொழிலாளர் சட்டம் 1978-ன் கீழ் அமைந்த நல வாரியம் அவர்களின் பெயரைப் பதிவு செய்கிறது. எந்த வியாபாரியின் மூட்டையாக இருந்தாலும் கூலி வாரியத்தின் வழியாக வரும், நலநிதியும் சேரும். முதலாளிகள் நூறு பேர், பேரேடு ஒன்று. தமிழ்நாட்டிலும் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு 1982-ல் சட்டம் வந்தது. கேரளத்தில் நோக்குகூலி என்ற அநியாயமும் இதோடு சேர்ந்து வளர்ந்தது. வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி கேட்பது. 2018-ல் அரசு அதைத் தடைசெய்தது சரியான செயல். அந்தக் குற்றத்துக்காகப் பேரேட்டையே கிழிக்கச் சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

என் கதையையும் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது ஆபீஸின் குழுக் காப்பீடுதான் கைகொடுத்தது. ஏற்கெனவே இருந்த நோய்க்கும் காத்திருப்புக் காலம் இல்லாமல் பணம் கட்டினார்கள். வெளியில் தனியாகப் பாலிசி எடுத்திருந்தால் அம்மா எனக்கு இருந்திருக்கமாட்டார். அந்த நன்றி என்றைக்கும் போகாது. ஒன்பதாம் ஆண்டு, நான் முகமே பார்த்திராத ஒரு மேலாளர் பதினைந்து நிமிட வீடியோ அழைப்பில் என் பிரிவு மூடப்படுவதாகச் சொன்னார். அவரும் தன் கையில் எதுவும் இல்லை என்றார். உண்மையாகவே சொன்னார் என்று நம்புகிறேன். மாலையில் வரவேற்பு மேஜையில் இருந்த பெண் என் அடையாள அட்டையை வாங்கிக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினார். வெட்டும்போது என் முகத்தைப் பார்க்காமல் “சாரி சார்” என்றார். அன்றைக்கு நான் யாரிடம் போய்க் கோபப்படுவது என்று தெரியாமல் பேருந்து நிறுத்தத்தில் நின்றதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. சின்னக் கடையில் வேலை போனால் முதலாளி முன்னால் நின்று கத்தவாவது முடியும்.

மலபாரிலிருந்த டச்சு அதிகாரிக்கு மேலே கும்பினியின் ஆசியத் தலைமையிடமான பத்தாவியா, அதற்கும் மேலே நெதர்லாந்தில் கூடும் பதினேழு இயக்குநர்கள். ஒரு கடிதம் போய்ப் பதில் வர ஓராண்டுக்கு மேலும் ஆகும். இப்போது ஒரு நொடியில் பதில் வருகிறது, தூரம் மட்டும் அப்படியே இருக்கிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் 2 சதவீதத்தை, ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, 2 சதவீதம் என்பது காகிதத்தில் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தது!

இன்னொன்றையும் பார்க்கிறேன். பெரிய வளாகங்களின் வாசலில் கழுத்துக் கயிறுகள் பல நிறத்தில் போகின்றன. ஒரு நிறம் நிரந்தர ஊழியர், இன்னொரு நிறம் ஒப்பந்த ஊழியர். ஒரே மேஜையில் ஒரே வேலை, பேரேடுகள் வேறு. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குறித்த காலத்துக்கு நேரடியாக எடுக்கப்படும் ஊழியருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை என்கிறது. அது நல்ல மாற்றம். அந்த உரிமையை யாரிடம் கேட்பது என்று ஊழியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் மாலை டோபிகானாவுக்கு மறுபடி போனேன். பெரியவர் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த மகனின் பணி நியமனக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டுத்தான் உறையைத் தொட்டார். கடிதத்தின் தலைப்பில் இருந்தது அந்த உயரக் கட்டடத்தின் பெயர் இல்லை. ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சி ஒன்றின் பெயர். பதினோரு மாத ஒப்பந்தம்.

“இது அந்தக் கம்பெனிதானே தம்பி?”

இல்லை என்றேன். பையனிடம் மூன்று விஷயம் கேட்கச் சொன்னேன். சம்பளச் சீட்டு யார் பெயரில் வருகிறது. பி.எஃப். எண் கொடுத்திருக்கிறார்களா, மாதாமாதம் பணம் கட்டுகிறார்களா. அவன் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். பதினோரு மாதம் முடிந்தால் என்ன என்று எழுத்தில் இருக்கிறதா. அவர் எழுதிக்கொள்ளவில்லை. எந்தத் துணி எந்த வீட்டுத் துணி என்பதை ஒரு சின்னக் குறியை வைத்தே ஐம்பது வருஷமாக நினைவில் வைத்திருப்பவர்.

ஓட்டல் விரிப்பு ஒன்றை உதறிக் கயிற்றருகே கொண்டுபோனார். “சம்பளச் சீட்டு யார் பேர்ல,” என்று ஒரு முனையைச் செருகினார். “பி.எஃப். நம்பரு, மாசாமாசம் கட்டுறானா,” அடுத்த முனை. நடுவில் கொஞ்சம் தொய்ந்திருந்தது. அதை இழுத்துப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார்.

“மூணாவது என்ன சொன்னீங்க?”

(தொடரும்)