காற்றடித்தால் கைடுக்குக் கொண்டாட்டம்!

மீன்பிடி லாட்ஜின் இரைக் கொட்டகை ஃப்ரிட்ஜுக்குள் என்ன இருக்கும்? பீர்? நேற்றைய கேக்? அட்டை சார், அட்டை! டப்பா டப்பாவாக, ஜில்லென்ற தண்ணீரில் கறுப்பாக நெளிந்துகொண்டு! ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் விட்டே விட்டார் கைடு. இந்த ரிப்பன் அட்டை மனித ரத்தத்துக்கு அலையாதாம். அலையாவிட்டால் என்ன, நான் போட்ட கூச்சலில் அடுத்த அறைக்காரர் எழுந்துவிட்டார். கோடை வெயிலில் வாளியிலுள்ள பொடிமீன் சீக்கிரம் செத்துப்போகும்; அட்டை தாங்கும். அதனால் ஜூலையில் அட்டைக்குத்தான் மவுசு.

இடம், லேக் ஆஃப் த வுட்ஸ். கனடாவின் ஒண்டாரியோ, மானிடோபா, அமெரிக்காவின் மின்னசோட்டா மூன்றிலும் கால் நீட்டிக் கிடக்கும் ஏரி. தீவுகள் மட்டும் 14,000-க்கு மேல்! வடகரையில் கெனோரா ஊர். அங்கே 12 மீட்டர் உயரத்துக்கு ஒரு மஸ்கி மீன் சிலை. நான் இருந்த லாட்ஜுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தேடுவது வால்ஐ மீனை.

விடியற்காலையில் கைடுகள் படகுத்துறையில் நின்று வானத்தை முறைப்பதைப் பார்க்க வேண்டுமே! பளிச்சென்று வெயில், கண்ணாடி போல் தண்ணீர் என்றால் விருந்தாளிக்குக் கொண்டாட்டம், கைடுக்குத் திண்டாட்டம். வால்ஐயின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் உண்டு. மங்கலில் அதற்கு நன்றாகத் தெரியும். இரைமீன் தடுமாறும் நேரம் பார்த்து அடிக்கும். கொஞ்சம் மேகம், தண்ணீரைச் சுருக்குகிற அளவுக்குக் காற்று, இது போதும், கைடு விசிலடிக்க ஆரம்பித்துவிடுவார்.

அப்புறம் மேஃப்ளைப் பூச்சி! ஜூன் கடைசி, ஜூலை வாக்கில் ஏரியடிச் சேற்றுக்குள்ளிருந்து ஈசல் புறப்பட்ட மாதிரி கிளம்பி, படகு, ஜன்னல், விளக்கு எல்லாவற்றிலும் அப்பிக்கொள்கிறது. எரீ ஏரிப் பக்கம் இந்தக் கூட்டம் வானிலை ரேடாரிலேயே தெரியும். நம் தூண்டிலுக்கு இதுதான் சோதனைக்காலம். அடியில் மேஃப்ளைப் பந்தி நடக்கும்போது எந்த மீன் உங்கள் அட்டையைச் சீந்தும்?

படகில் ஏறியதும் நான் அடம்பிடித்து உட்கார்ந்தது மீன்காட்டும் கருவிக்கு முன்னால். உணர்திறனைக் கொஞ்சம் ஏற்றினார் கைடு. அடடா! திரையின் நடுவே புகை போல ஒரு கோடு. மேலே வெதுவெதுப்பான தண்ணீர், கீழே குளிர்ந்த கனத்த தண்ணீர், இரண்டும் சேராமல் நிற்கிற எல்லை அது. 10 டிகிரி குளிரை விரும்பும் லேக் ட்ரவுட் கோடையில் அதற்குக் கீழே இறங்கிவிடும். வடபகுதியின் ஆழமான இடங்களில்தான் இந்த அடுக்கு நன்றாகத் தெரியும். தெற்கே பிக் டிராவர்ஸ் விரிகுடாவில் ஆழம் குறைவு, காற்றே கலக்கிவிடும்.

சாயங்காலம் மீன் வெட்டும் கொட்டகை. மெல்லிய கத்தி, இரண்டே இழுப்பு, முள்ளில்லாத துண்டு மேசையில்! எதற்கு ஓரத்தில் ஒரு துணுக்குத் தோலை விட்டுவைக்கிறார் என்று கேட்டேன். வீட்டுக்கு எடுத்துப்போகும் துண்டு எந்த மீனுடையது என்று அதிகாரிக்குத் தெரிய வேண்டுமாம். ஒண்டாரியோவில் சட்டமே அப்படி. கன்னத்தில் நாணயம் அளவு இருக்கும் கறியைத் தனியாகத் தோண்டி எடுத்தார். தெரிந்தவர்கள் தேடுவது அதைத்தான்.

மதியச் சாப்பாட்டைச் சொல்லாமல் விடுவேனா? ஏதோ ஒரு தீவில் ஒதுங்கி, விறகு மூட்டி, இரும்புச் சட்டியில் பன்றிக் கொழுப்பு காய, காலையில் பிடித்த மீனும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் பொரிகின்றன. மீன் ஏமாற்றினால்? கைடின் ஐஸ் பெட்டிக்கு அடியில் சாசேஜ் பொட்டலம் ஒன்று பதுங்கியிருந்தது. “விருந்தாளிகளிடம் சொல்லிவிடாதீர்கள்” என்றார். நான் எங்கே சொன்னேன்? எழுதத்தானே செய்கிறேன்!